முதலில் போனவை சின்ன நிறுவனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று விடப்பட்ட மென்பொருள்) பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், அப்படிப்பட்ட இயங்குதளமான லினக்ஸ் வந்து மைக்ரோசாஃப்டை ஆட்டம் காணவைத்தது என்று எழுதியிருந்தீர்கள். சர்வர்களைப் பொறுத்தவரை சரி. மேசைக் கணினிகளில் விண்டோஸ் இன்றும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த வெள்ளத்தில் முதலில் அடித்துக்கொண்டு போனவை, இன்று பலருக்குப் பேர்கூடத் தெரியாத சின்ன நிறுவனங்கள். அவற்றில் ஒன்றுக்கு நான் காசு கொடுத்த வாடிக்கையாளன். அப்புறம் அதைக் கைவிட்டவர்களிலும் ஒருவன்.

அந்த இயங்குதளத்தின் பெயர் கோஹிரன்ட். அமெரிக்காவின் மார்க் வில்லியம்ஸ் கம்பெனி 1980-ல் கொண்டுவந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பார்த்துப் புதிதாக எழுதியது. பார்த்து எழுதினார்களா, நிரலையே பார்த்துக் காப்பியடித்தார்களா என்று ஏடி அண்ட் டிக்கு ஒரு சந்தேகம் வந்து, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே நேரில் போய்ச் சோதித்தார். நிரலை நகலெடுத்த தடயம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் 99 டாலருக்குச் சாதாரண பிசியில் ஒரு யுனிக்ஸ் என்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் புதையல் மாதிரி.

பெட்டியைத் திறந்தால் பிளாப்பிகள் கொஞ்சம், கையேடு மலை. ஆயிரம் பக்கத்துக்கு மேல், அகராதிபோல் அகர வரிசையில். எந்தக் கட்டளை வேண்டுமானாலும் புரட்டினால் விளக்கம், கூடவே ஓடக்கூடிய உதாரண நிரல். எனக்குத் தெரிந்த சி என்ற நிரல்மொழியில் பாதி அதில் படித்ததுதான். ‘மேலாக்’ (நிரலுக்கு நினைவக இடம் வாங்கித் தரும் சி கட்டளை) பற்றிய பக்கத்தின் ஓரம் என் விரல் பட்டுப் பட்டே கறுத்துவிட்டது. லினக்ஸுக்கு அப்படி ஒரே கையில் எழுதிய கையேடு ஒன்றை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இது என் குறை, பொதுக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1994 வாக்கில் அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டி வந்தது. கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய டிசிபி/ஐபி நெறிமுறை கோஹிரன்டில் கிடையாது. லினக்ஸில் இருந்தது. எங்கள் நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரலான டிரைவரின் கோப்பைத் திறந்தேன். மேலேயே எழுதியவர் பெயர், டொனால்ட் பெக்கர். அந்நாளைய லினக்ஸ் ஈத்தர்நெட் (கம்பிவழி நெட்வொர்க்) டிரைவர்களில் ஏராளமானவை அந்த ஒரு மனிதர் எழுதியவை. எங்கள் அட்டை அடிக்கடி மயங்கி விழுந்தது. நாலு வரியை நானே மாற்றி, இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து ஏற்றிப் பார்த்தேன், அட்டை ஓடியது.

ஆகவே, ‘இலவசம் என்பதால் வென்றது’ என்ற உங்கள் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் 99 டாலர் எப்போதோ போய்விட்டது, திரும்பி வரப்போவதில்லை. நான் மாறியது அந்த நாலு வரிக்காக. புதுப்புது அட்டைகள் வந்துகொண்டே இருக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய பொறியாளர்களை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நிறுவனம் எத்தனைக்குத்தான் டிரைவர் எழுத முடியும்? 1995-ல் மார்க் வில்லியம்ஸ் கம்பெனி மூடப்பட்டது.

எல்லாப் பழியையும் லினக்ஸ் மேல் போடுவதும் நியாயமில்லை. பிஓஎஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை உருவாக்கிய பி நிறுவனத்தைப் பாருங்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கணினித் தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் போட்டிருந்த ஒப்பந்தங்கள் தன்னை உள்ளே விடவில்லை என்று அது 2002-ல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு 2.3 கோடி டாலருக்குச் சற்று மேல் வாங்கிக்கொண்டு சமரசமானது. அதற்கு முன்பே, 2001-ல், அதன் தொழில்நுட்பம் 1.1 கோடி டாலருக்குப் கையடக்கக் கணினிகள் செய்த பாம் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம், விண்டோஸ் வேண்டாம் என்று தேடிவந்தவர்களுக்கு லினக்ஸ் சும்மாவே கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பிஓஎஸ்ஸை ஹைக்கூ என்ற பெயரில் இருபது ஆண்டுக்கு மேலாகத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவர்களும் கட்டற்ற மென்பொருள்காரர்கள்தான்.

கோஹிரன்டின் மூலநிரலும் 2015-ல் பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியாயிற்று. போன மாதம் ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) கோஹிரன்டை ஏற்றிப் பார்த்தேன். பழைய கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு சி நிரல் ஒன்று எழுதினேன், முதல் தடவையே கம்பைல் ஆனது. அந்த உற்சாகத்தில், கை பழக்கத்துக்கு, நெட்வொர்க்கில் இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தட்டிவிட்டேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிரலாளர் ஒருவர்