‘குளிருக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலம் நெருங்கினால் கார் பராமரிப்பு பற்றி பத்திரிகைகளில் ஒரு பக்கம் வந்துவிடும். பேட்டரியைப் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், வைப்பரை மாற்றுங்கள் என்று எழுதுவார்கள். எல்லாம் தேவையானதுதான். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி சரியான நேரத்தில் கண்ணில் பட்டிருந்தால் என் காரின் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டி வந்திருக்காது. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

என் கார் பத்து வருடம் தாண்டியது. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்து கியரை ‘டி’யில், அதாவது முன்னால் ஓட்டும் ‘டிரைவ்’ நிலையில் போட்டால் இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே நடக்காது, அப்புறம் ஒரு உதறலோடு கியர் விழும். கிளம்பிய பிறகு இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிற இடத்தில் இன்ஜின் மட்டும் உறுமும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் சட்டென்று மேலே போகும், வண்டியின் வேகம் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து நிமிடம் ஓட்டினால் போதும், இதே வண்டியா அப்படிச் செய்தது என்று கேட்கும்படி வழவழவென்று ஓடும்.

ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனேன். போய்ச் சேருவதற்குள் வண்டி சூடாகிவிட்டது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், கோளாறு எதுவும் பதிவாகவில்லை. “குளிருக்கு அப்படித்தான் சார் இருக்கும், சூடானதும் சரியாகிவிடுகிறதே” என்றார்கள். நானும் நம்பினேன். அடுத்த வருடமும் இதே கதை, இதே பதில்.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குளிர் புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை, உள்ளே ஏற்கெனவே கெட ஆரம்பித்ததைத்தான் அது காட்டிக்கொடுத்தது.

ஆட்டோமேட்டிக்கில் எல்லாம் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் நடக்கிறது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக் காலத்திலிருந்து அடிப்படை அதுதான். உள்ளே இருக்கும் பம்ப் ஆயிலை அழுத்துகிறது, அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்குகிறது. பிடி இறுகினால் வண்டி நகரும், பிடி தளர்ந்தால் தட்டுகள் உரசிக்கொண்டு சும்மா சுற்றும். இதைத்தான் ஸ்லிப் ஆகிறது என்கிறோம். அந்தப் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கிறது. புதிதில் மெத்தென்று இருக்கும் அந்த சீல், வருடக்கணக்காகச் சூடான ஆயிலில் கிடந்து விறைத்துப்போகும். குளிரில் அது இன்னும் விறைத்துச் சுருங்க, விளிம்பு வழியாக அழுத்தம் கசிகிறது. ஆயில் சூடேறியதும் சீல் கொஞ்சம் இளகி விரிந்து அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. காலையில் வந்த நோய் மதியம் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று ஆயிலின் அளவு. ஆயில் குளிர்ந்தால் சுருங்கும், அதனால் ஏற்கெனவே கொஞ்சம் குறைவாக இருந்தால் காலையில் இன்னும் கீழே இறங்கி, பம்ப் ஆயிலோடு சேர்த்துக் காற்றையும் உறிஞ்சும், காற்று கலந்து நுரைத்த ஆயிலால் எதையும் உறுதியாக அழுத்த முடியாது. குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் அழுக்கடைத்த ஃபில்டர் வழியாக அது வேகமாக வராது. ஆயிலை அந்தந்த கிளட்சுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் இருக்கும் மெல்லிய வழிகளில் பழைய ஆயிலின் பிசுக்கு படிந்திருந்தால் வால்வுகளும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் வலித்த விஷயம், ‘சூடானதும் சரியாகிவிடுகிறது’ என்று விட்ட ஒவ்வொரு காலையும் உள்ளே தேய்மானம் நடந்துகொண்டே இருந்தது. கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சு கனமான காகிதம் போன்ற பொருள். அது வழுக்கும்போது கருகும், கருகிய துகள் ஆயிலில் கலக்கும், அந்தத் துகள் ஃபில்டரையும் வால்வையும் அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வழுக்கும்.

சரி, குளிரில் வண்டி கொஞ்சம் மாறுபட்டு ஓடுவது எல்லாமே கோளாறா என்றால், இல்லை. ஆயில் சூடாகும் வரை மேல் கியருக்குத் தாமதமாக மாறும்படியும், டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப், அதாவது இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் பிடி, பிடிக்காமல் இருக்கும்படியும் கார் கம்ப்யூட்டரையே அமைத்திருப்பார்கள். அதனால் காலையில் ஆர்.பி.எம். கொஞ்சம் அதிகமாகத் தெரியும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஆர்.பி.எம். முள், வேக முள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. ஆர்.பி.எம். ஏறும்போது வேகமும் கூடவே ஏறினால் பயமில்லை. ஆர்.பி.எம். மட்டும் தனியாகத் துள்ளினால் அது ஸ்லிப், தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது குளிர்காலத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே “ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?” என்பதுதான். மறுநாள் காலை அவரே குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட்டினார், ஸ்கேனரில் ஆயில் சூட்டையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார், கியர் மாறும் இடத்தில் முதல் உறுமலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குறைவு. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாய் இணைப்பில் சின்னக் கசிவு. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கரும்பழுப்பாக, தீய்ந்த வாசனையோடு வந்தது. கசிவை அடைத்து, அந்தக் காருக்கு உரிய ஆயிலைப் போட்ட பிறகு ‘டி’யில் விழும் தாமதம் போய்விட்டது. ஆனால் மூன்றாவது கியர் கிளட்ச் கருகிப்போயிருந்தது, அதை ஆயிலால் சரிசெய்ய முடியாது. முதல் வருடமே இந்தக் கசிவைப் பார்த்திருந்தால் ஒரு இணைப்பும் கொஞ்சம் ஆயிலுமாக முடிந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

அளவு குறைந்தது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? இப்போது வரும் பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி, கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டில், பல மாடல்களில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, கீழே உள்ள பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். வேலை பிடிப்பதால் சாதாரண சர்வீஸில் யாரும் தொடுவதில்லை. போதாததற்கு ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்’ என்ற பேச்சு வேறு. பல கார் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவனே மாற்றச் சொல்லும்போது நாம் ஏன் ஆயுள் முழுக்க என்று உட்கார்ந்திருக்க வேண்டும்?

மாற்றும்போது கையில் கிடைத்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். சி.வி.டி. வண்டிக்கு (படிப்படியான கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக்) ஆயில் தனி, அதில் ஸ்லிப் ஆனால் இன்னும் மோசம், இரும்பு பெல்ட்டும் அது ஓடும் புல்லியும் கீறிப் பழுதாகிவிடும். சீக்கிரம் சூடாகட்டும் என்று நிறுத்திய இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதும் வேண்டாம். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடவிட்டு, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் கியர்பாக்ஸ் தானே சூடாகும்.

இது செலவுப் பிரச்சினை மட்டும் கிடையாது. ஒரு காலை எதிரே லாரி வரும் சந்திப்பில், தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு நான் திரும்பிய அந்த விநாடியில்தான் கியர் விட்டுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், சத்தம்தான் வருகிறது, வண்டி நடுச் சாலையில் தவழ்கிறது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் பின் சீட்டில் இருந்த என் மகளும் நானும் பிழைத்தோம். அன்றைக்கும் பத்து நிமிடம் கழித்து வண்டி நன்றாகத்தான் ஓடியது.

ஒர்க்ஷாப் நடத்துகிறவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், காலையில் மட்டும் வழுக்குகிறது என்று ஒருவர் வந்தால் சூடான வண்டியை ஓட்டிப் பார்த்து அனுப்பாதீர்கள், ஒரு ராத்திரி வைத்திருந்து பாருங்கள். உங்கள் நாளிதழில் அடுத்த குளிர்காலப் பக்கம் வரும்போது பேட்டரிக்கும் டயருக்கும் கீழே இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள்: காலையில் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால், அந்த வாரமே கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்