பாலைப் பற்றி ஒரு வரி இல்லையே!

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் வந்தது. '1917' என்கிற ஒரு போர்ப்படத்துக்கே இத்தனை பக்கமா! கேமரா எப்படிப் பதுங்குகுழிக்குள் இறங்கி ஏறுகிறது, ஒரே ஷாட் மாதிரி தெரிவதற்காக எங்கெங்கே வெட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அந்த இரவுக் காட்சியில் வெளிச்சத்தை எப்படி நகர விட்டிருக்கிறார் என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் கவனித்திருக்கிறாய். ஆனால் பாலைப் பற்றி ஒரு வரி இல்லையே!

யாருமில்லாத பண்ணை வீட்டில் சிப்பாய் ஸ்கோஃபீல்ட் ஒரு வாளிப் பாலைப் பார்க்கிறான் இல்லையா? குடித்துப் பார்க்கிறான், கெடவில்லை. தண்ணீர்க் குடுவையில் ஊற்றி வைத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் கூட வந்த பிளேக் அதே இடத்தில் செத்துப்போகிறான், நமக்குப் பால் மறந்தே போய்விடுகிறது. அப்புறம் எரிகிற ஊரில், ஒரு நிலவறைக்குள் ஒரு பெண், பக்கத்தில் யார் பெற்றதோ தெரியாத ஒரு கைக்குழந்தை. தன்னிடம் இருக்கிற தீனியையெல்லாம் எடுத்து நீட்டுகிறான். குழந்தைக்கு அது ஆகாது, பால்தான் வேண்டும் என்கிறாள். அப்போதுதான் குடுவை வெளியே வருகிறது. எனக்கு அந்தப் படம் அந்த இடத்தில்தான் நல்ல படமானது.

அம்மாவுக்கு எப்படிப் போர்ப்படம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறாய். சண்டை பிடித்துப் பார்ப்பதில்லை. கையில் பணமும் நல்ல ஆட்களும் இருந்தால் சண்டைக்காட்சியில் யார் வேண்டுமானாலும் நம்மைச் சீட்டு நுனிக்குக் கொண்டுவந்துவிடலாம். குண்டுச் சத்தம் நின்ற பிறகு, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அங்கே தோற்கிற படம், எத்தனை டாங்கிகள் வெடித்தாலும் எனக்குத் தோற்ற படம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்'. ரஷ்யப் படம், 1959, இயக்குநர் கிரிகோரி சுக்ராய். அல்யோஷா என்கிற பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு டாங்கிகளை நிறுத்திவிடுகிறான். வீரத்தால் இல்லை, பயந்துபோய்ச் சுட்டதில் நடந்தது. பதக்கம் தருகிறேன் என்கிறார் ஜெனரல். அதற்குப் பதிலாக ஊருக்குப் போய்வர விடுங்கள், அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்துவிட்டு வருகிறேன் என்கிறான். ஆறு நாள் கிடைக்கிறது: போக இரண்டு, வர இரண்டு, கூரைக்கு இரண்டு. படத்தில் பெரிய சண்டை அந்த ஆரம்பத்தோடு சரி. மீதியெல்லாம் ரயிலும் காத்திருப்பும்தான்.

அதில் ஒரு சோப்பு வரும். போர்முனைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒருவன், நீ போகிற வழியில்தான் என் வீடு, என் மனைவியைப் பார்த்துவிட்டுப் போ என்று கேட்கிறான். கொடுத்தனுப்ப அவனிடம் எதுவும் இல்லை. படைப்பிரிவின் இருப்பில் இருந்த சோப்புக்கட்டிகளை வாங்கிக் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய சீதனம் என்பது, மேலதிகாரி அதை எடுத்துக் கொடுக்கிற தயக்கத்திலேயே தெரிந்துவிடும். அல்யோஷா தேடிப்பிடித்துப் போய்க் கொடுக்கிறான். அந்த வீட்டில் வேறொருவன் இருக்கிறான். படியிறங்கி வந்தவன் திரும்ப மேலே ஏறிப்போய், கொடுத்த சோப்பை வாங்கிக்கொண்டு வருகிறான்! வசனம் இல்லை, உபதேசம் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது நாகரிகமில்லைதான், ஆனால் அந்த இடத்தில் எழுந்து கைதட்டலாம் போலிருக்கும். பிறகு அந்தச் சோப்பு சிப்பாயின் நோயாளி அப்பாவிடம் போய்ச் சேருகிறது.

இப்படி ஒவ்வொருவருக்காகவும் நாளைச் செலவழித்துவிட்டுப் பையன் அம்மாவிடம் போய்ச் சேரும்போது சில நிமிடங்கள்தான் மிச்சம். வயலிலிருந்து அவள் ஓடி வருகிறாள். கூரை அப்படியேதான் இருக்கிறது. அவன் திரும்பி வரப்போவதில்லை என்பதைப் படம் முதலிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறது. மறைத்து வைத்துக் கடைசியில் அழவைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் முன்னாலேயே சொல்லிவிட்டதால், அவன் ஒவ்வொரு ரயிலைத் தவறவிடும்போதும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

நம் புறநானூற்றுத் தாயும் நினைவுக்கு வருவாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தைய போரில் தந்தை, நேற்றுப் போரில் கணவன் என்று இழந்தவள், இன்று பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனையும் அனுப்புகிறாள். வீரத் தாய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கையில் வேலைக் கொடுத்துப் 'போ' என்று சொன்னதோடு புலவர் நிறுத்தவில்லை பார். வெள்ளை வேட்டி உடுத்திவிடுகிறாள், பறட்டைத் தலையில் எண்ணெய் தடவிவிடுகிறாள். பையன் எவ்வளவு சின்னவன் என்று வயதைச் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. போரைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டாயிரம் வருஷமாக எண்ணெயையும் சோப்பையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

'சேவிங் பிரைவேட் ரையன்' பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒமாஹா கடற்கரையைத்தான் சொல்வார்கள். தப்பில்லை, 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் தரையிறங்கியதை அப்படி யாரும் எடுத்ததில்லை. ஷட்டரைக் குறுக்கி, மண்ணும் தண்ணீரும் துளித்துளியாகத் தெறிக்கிற மாதிரி எடுத்தார்கள் என்று நீயே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். எனக்கு அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு வருவது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற ஒரு அம்மா ஜன்னல் வழியாக ஒரு கார் வருவதைப் பார்க்கிறாள். வாசலுக்கு வருகிறாள். காரிலிருந்து அதிகாரி இறங்குகிறார், கூடவே ஒரு பாதிரியார். அவ்வளவுதான், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கால் மடங்கி வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். முகத்தைக் காட்டவே மாட்டார் ஸ்பீல்பெர்க், முதுகு மட்டும்தான். அழவைப்பதில் கெட்டிக்காரர், இந்த ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொண்டார். (படத்தின் முதலிலும் முடிவிலும் வருகிற கல்லறைக் காட்சியிலும் அப்படி இருந்திருக்கலாம்.)

சண்டை அழகாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? உன் ஆள் சாம் மெண்டிஸே அதைக் காட்டியிருக்கிறார். '1917'க்கு வெகுமுன்னால், 2005இல் 'ஜார்ஹெட்' எடுத்தார். அதில் வளைகுடாப் போருக்குப் போகவிருக்கிற பையன்களுக்கு 'அபோகலிப்ஸ் நவ்' போட்டுக் காட்டுகிறார்கள். வாக்னர் இசையோடு ஹெலிகாப்டர்கள் வியட்நாம் கிராமத்தின் மேல் பாயும்போது பையன்கள் எழுந்து ஆர்ப்பரிக்கிறார்கள், கூடவே பாடுகிறார்கள். அதன் இயக்குநர் கொப்போலா அந்தப் போரைக் கிறுக்குத்தனம் என்று காட்ட நினைத்தவர். திரையில் எது பிரமாதமாகத் தெரிகிறதோ அதற்குத்தான் கூட்டம் விசிலடிக்கும், இயக்குநரின் உள்நோக்கத்துக்கு இல்லை. மெண்டிஸ் தன் படத்தில் நாயகனுக்கு ஒரு ஆளைக்கூடச் சுடக் கிடைக்காமல் போர் முடிந்துவிடுகிற மாதிரி வைத்துவிட்டார். விசிலடிக்க எதுவுமே இல்லை. பாதிப் பேருக்குப் படம் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எதிரிக்கு முகம் உண்டா என்பதும் எனக்கு முக்கியம். கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா தீவுச் சண்டையை இரண்டு படமாக எடுத்தார், ஒன்று அமெரிக்கர் பக்கம், ஒன்று ஜப்பானியர் பக்கம். இரண்டாவதான 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். குகைக்குள் காயம்பட்ட ஒரு அமெரிக்கப் பையன் இறந்துபோகிறான். அவன் பையிலிருந்த கடிதத்தை ஜப்பானிய அதிகாரி நிஷி மொழிபெயர்த்துப் படிக்கிறார். அம்மா எழுதிய கடிதம். நாய்கள் வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டித் தப்பித்துவிட்டன, பக்கத்து வீட்டுச் சேவல்கள் அரண்டுபோயின, எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, பத்திரமாக வா, இதுதான் விஷயம். கேட்டுக்கொண்டிருக்கிற சிப்பாய்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். என் அம்மா சொன்னதும் இதேதான் என்கிறான் ஒருவன். கடிதத்தில் இன்னும் கனமாக ஏதாவது இருந்திருந்தால் இந்தக் காட்சி விழுந்திருக்கும். நாயும் சேவலும்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன.

நீர்மூழ்கிக் கப்பல் கதையான 'தாஸ் போட்' (1981) உனக்குத் தொழில்நுட்பத்துக்காகவே பிடிக்கும். அந்தக் குறுகலான உலோகக் குழாய்க்குள் ஒளிப்பதிவாளர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே எடுத்திருக்கிறார். ஆனால் அதில் பயம் வருவது ஓட்டத்தால் இல்லை. எல்லோரும் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தலைக்கு மேலே, ஒலியை அனுப்பித் தேடுகிற எதிரிக் கப்பலின் சோனார் சத்தம் மட்டும் 'டிங்... டிங்...' என்று கேட்கும். நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். இவர்கள் ஹிட்லரின் கடற்படை ஆட்கள் என்பது அந்த நேரத்தில் மறந்தே போய்விடும். மறந்தது சரியா என்று படம் முடிந்த பிறகு யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) எனக்குப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற படம். சிறைப்பட்ட இடத்தில் எதிரிக்காகவே ஒரு பாலத்தைக் கட்டி, அதன்மேல் பெருமையும் கொள்கிற கர்னலாக அலெக் கின்னஸ் அற்புதம். ஆனால் அந்தப் பாலம் போகிற ஜப்பானியரின் சயாம்-பர்மா ரயில்பாதை நிஜத்தில் யார் முதுகில் போடப்பட்டது? மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். அதனால்தான் நம்மவர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றே சொல்கிறார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில், கித்துல்கலையில்! நல்ல நடிப்பை ரசிக்காமலும் இருக்க முடியாது, இதை நினைக்காமலும் இருக்க முடியாது. அடுத்த முறை பார்க்கும்போது நீயும் நினைத்துப் பார்.

'கம் அண்ட் சீ' (1985) கட்டாயம் பார்க்க வேண்டிய படம், ஆனால் இப்போது வேண்டாம். தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். பெலாரஸில் நாஜிகள் நூற்றுக்கணக்கான கிராமங்களை ஆட்களோடு எரித்தார்கள். ஒரு பையனின் முகத்தை வைத்தே எலெம் கிளிமோவ் அதைச் சொல்லிவிடுகிறார். சில நாள் கதைக்குள் அந்த முகம் கிழடு தட்டிவிடுகிறது. கடைசியில் சேற்றில் கிடக்கிற ஹிட்லர் படத்தை அவன் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் செய்திப்படக் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன, ஊர்வலம், கூட்டம், இளமை என்று போய், தாய் மடியில் ஒரு குழந்தையாக ஹிட்லர் வந்து நிற்கும்போது அவனால் சுட முடியவில்லை. இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்கிற ஜப்பானிய அனிமேஷன் படத்தை நீ பார்த்துவிட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன். அந்த மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிக்கிற இடத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. 1988இல் அதையும் 'மை நெய்பர் டொட்டோரோ' என்கிற சந்தோஷமான குழந்தைப் படத்தையும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் வெளியிட்டார்களாம். எந்த வரிசையில் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ!

முதலில் 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' பார். ஒன்றரை மணி நேரம்தான், வேலை முடிந்து வந்துகூடப் பார்த்துவிடலாம். கறுப்பு வெள்ளை என்று ஓட்டிவிட்டுப் பார்க்காதே. 'தாஸ் போட்' விடுமுறையில் பார், மூன்றரை மணி நேரம் வருகிற பதிப்பாகத் தேடிப்பிடி, சுருக்கிய பதிப்பில் காத்திருப்பைத்தான் வெட்டியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்று ஓட்டிவிட்டுப் பார்க்காதே.

இதைப் படித்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முனகுகிறார். 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யைச் சொல்லாமல் போர்ப்படம் பற்றி ஒரு கடிதமா என்கிறார். குப்ரிக் படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் என்னை அசைப்பது அந்த இராணுவ நீதிமன்ற விசாரணை இல்லை, கடைசியில் ஒரு ஜெர்மன் பெண் பாடும்போது கூச்சல் போட்டுக்கொண்டிருந்த சிப்பாய்கள் அடங்கி, கூடவே முணுமுணுக்கத் தொடங்குகிற இடம்தான். அவருக்கு விசாரணைதான் படம். இதில் எங்களுக்குள் உடன்பாடு வரப்போவதில்லை, அதனால் அவர் தனியாக எழுதுவார். பேனாவைப் பிடுங்குவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா