ஏராவின் மூட்டுக்குச் சிலிக்கான் பூசினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பாய்மரப் படகுப் பராமரிப்பைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கடலே இல்லாத கோவையிலிருந்து இதைப் பற்றி ஒருவன் கடிதம் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். பீளமேட்டில் பம்புப் பட்டறையில் ஃபிட்டராக இருந்துவிட்டு, பிறகு கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த உரிமையில் ஒரே ஒரு வாக்கியத்தை மறுக்க விரும்புகிறேன். ஏரா (கீல்) எனப்படும், படகின் அடியில் தொங்கும் கனமான பாகமும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் விரிசல் கண்டால் ஆண்டுக்கொரு முறை சிலிக்கான் பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்றும், பவானி ஆற்றுப் பரிசலுக்குத் தார் பூசுவதைப் போன்றதே அது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

பரிசலில் தார்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அடியில் தொங்கும் பாரம் எதுவும் அதற்கில்லை. ஃபைபர் பாய்மரப் படகின் கதை வேறு. பெரும்பாலும் அதன் ஏராவாக, தனியாக வார்த்த இரும்புப் பாரத்தையோ ஈயப் பாரத்தையோ படகின் அடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். காற்றில் படகு சாயும்போதெல்லாம் அந்தப் பாரம் ஒரு பக்கமாக நெம்புகிறது. அதைத் தாங்குபவை போல்ட்டுகளும் அவை பிடித்திருக்கும் தளமுமே. மூட்டில் உள்ள பூச்சின் முதன்மையான வேலை அந்தப் போல்ட்டுகளிடம் கடல்நீர் போகாமல் காப்பது. பம்பில் குழாய் இணையும் ஃபிளாஞ்சில் நீர் கசிந்தால் வெளியே எம்சீல் அப்பி மறைக்கிற மெக்கானிக்கை எங்கள் ஊரில் யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

சமையலறையில் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் அதே இனம்தானே, துருப்பிடிக்காதே என்று கேட்கலாம். அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். அது அழியாமலிருக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கி நின்றால் படலம் அழிந்து, உலோகம் அங்கேயே அரிக்கப்படும். ஒரு முறை, வெளிப்பார்வைக்குக் குறையே இல்லாத ஒரு படகில் போல்ட்டு ஒன்றைக் கழற்றினோம். படகுக்குள்ளிருந்து பார்த்தபோது நட்டும் மரையும் புதிதுபோல மின்னின; மூட்டுக்கு நேராக இருந்த பகுதி மட்டும் எலி கடித்த கரும்பைப் போல இடுப்புச் சிறுத்து, விரல் நகத்தால் சுரண்டினால் கருந்துகள் உதிர்ந்தது. அந்த மூட்டின்மேல் மூன்று அடுக்குச் சிலிக்கான் இருந்தது. உள்ளே போன நீரை அது வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்தது. போதாக்குறைக்கு, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டோ வேறு பூச்சோ சரியாக ஒட்டாது.

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பெயிண்டில் மட்டும் ஓடும் மயிரிழைக் கோட்டுக்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கிரேனில் படகைத் தூக்கும்போது கோடு வாய் திறந்து, தரையில் ஏராவின்மேல் நிறுத்தியதும் மூடிக்கொண்டாலோ, கரையேற்றிப் பல நாள் கழிந்தும் அங்கிருந்து செம்பழுப்பு நீர் கசிந்தாலோ, உள்ளே தேங்கும் நீர் நாக்கில் உப்புக் கரித்தாலோதான் பூச்சுக் குழலைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

முதலில் உள்ளிருந்து நட்டுகளையும் அவற்றின் கீழுள்ள தகடுகளையும் பார்த்து, ஐயம் இருந்தால் ஒரு போல்ட்டையாவது கழற்றிச் சோதிக்க வேண்டும். ஈயப் பாரத்தில் போல்ட்டுகள் வார்ப்போடு சேர்ந்தே புதைந்திருப்பதால் பெரும்பாலும் ஏராவையே இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். போல்ட்டுகள் நன்றாக இருந்தால், விரிசலை வெட்டி அகலப்படுத்தி, நல்ல நீரால் உப்பைக் கழுவி, முழுதாக உலரவிட வேண்டும். மழைக்காலக் கொச்சியில் எங்களுக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆனதுண்டு. முதலாளி அவசரப்படுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான். வார்ப்பிரும்பைப் பளிச்சென்று தேய்த்தால், துரு மீண்டும் படர்வதற்குள், அதாவது சில மணி நேரத்துக்குள், எப்பாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். அதன்பின் கடல் வேலைக்கான, நெகிழ்ந்து கொடுக்கும் பாலியூரித்தேன் பூச்சை இடலாம். மூட்டு சிறிது அசையும் என்பதால் கெட்டியான எப்பாக்ஸி புட்டியை மட்டும் வைத்து அடைத்தால் அது மறுபடியும் பிளக்கும். நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, படகைக் கட்டிய நிறுவனம் சொன்ன அளவுக்கு, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி மாறி மாறி இறுக்க வேண்டும்.

ஏரா தரை தட்டிய படகாக இருந்தால் மூட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முன்னால் இடி வாங்கும்போது ஏராவின் பின்முனை மேல்நோக்கிக் குத்துவதால், அங்கே படகின் உள்தளம் பிளந்திருக்கலாம். 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ராஃபிக்கி’ என்ற படகின் ஏரா நடு அட்லாண்டிக்கில் கழன்று, அதிலிருந்த 4 பேரும் உயிரிழந்தார்கள். முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் ஏராவின் பிடிமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு தெரிவித்தது.

ஆகவே அந்த வாக்கியத்துக்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன். இடமில்லையென்றால், சிலிக்கான் கூடாது என்ற ஒரு வரியையாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.