நாணயம் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே (வராதவர்களைப் பற்றிப் பின்னர்),

இந்த ஆண்டு எட்டு மாதாந்தரக் கூட்டங்கள் நடந்தன. குடியரசு நாளில் கொடியேற்றினோம். ஆயுத பூசைக்குப் பொரிகடலை வழங்கினோம்.

ஜூலையில் நான் பொறுப்பேற்று நடத்திய ‘ஈல்கான் வெள்ளிக் காசுகள்’ கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “பாரசீகத்தை ஆண்ட மங்கோலியர் காசு நமக்கு எதற்கு?” என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். பாண்டிய நாட்டுக்குக் கப்பலேறிய குதிரைகளின் விலை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று எழுதிவைத்த பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அந்த ஈல்கான்களிடம் வேலை பார்த்தவர்தான். கேள்வி கேட்டவர் கண்காட்சிக்கு வரவில்லை.

வந்திருந்தால் ஈல்கான் மன்னர் கசான் கானின் திர்ஹம் என்ற வெள்ளிக் காசைப் பார்த்திருப்பார். எடை இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். நம் ஒரு ரூபாயைவிட இலேசு. ஒரு பக்கம் அரபியில் கலிமா, அதாவது இஸ்லாமிய உறுதிமொழி. திருப்பினால் உய்குர் எழுத்தில், மங்கோலிய மொழியில், ‘வானத்தின் வலிமையால் கசான் அடித்தது’. 1295இல் இஸ்லாத்தைத் தழுவியவர், காசில் பாட்டன் வழி வந்த வான வழிபாட்டையும் விடவில்லை. அவருடைய தம்பி ஒல்ஜெய்து ஷியா வழிக்கு மாறியதும் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களும் காசின் ஓரத்தில் ஏறின. நாங்கள் வைத்திருந்த காசில் அச்சு விலகி விழுந்திருந்தது. லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து ஒன்பது பெயர்களைப் படித்தேன். மற்ற மூன்றும் வெள்ளிக்கு வெளியே போய்விட்டன.

கண்ணாடிப் பேழை வாடகை என் கையிலிருந்து போனது. திரும்பக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். 1294இல் இன்னொரு ஈல்கான் மன்னர் கைகாத்து கான், பாரசீகத்துத் தப்ரீஸ் நகரில் காகிதப் பணத்தை இறக்கினார். அதை வாங்க மறுத்துக் கடைவீதி அடைத்துக்கொண்டது, சில வாரங்களிலேயே பின்வாங்கினார். “அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன்” என்ற வெறும் சொல்லை நம் சங்கமோ மூன்று ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

காசுகளை நம்பிக் கொடுத்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் வழங்கியவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, வோல்கா ஆற்றுப் பக்கம் ஆண்ட இன்னொரு மங்கோலிய மன்னர் ஓஸ்பெக் கானின் சராய் நகரக் காசுகளைக் காட்ட எண்ணம். வேறு எவரேனும் செயலாளராக முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே ஒப்படைத்துவிடுவேன். இதுவரை எவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசை போட்டிருப்பேன். ரசீதுப் புத்தகம் புதிது.

செயலாளர்