செய்திக்கும் ஒரு கடைசிப் பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பந்தலூரிலிருந்து எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, மண் சரியுமோ என்ற பயம் பாதி, கையில் இருக்கிற போன் மீதி. 2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளாவின் வயநாட்டில் நிலச்சரிவு வந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போன அன்று பிடித்த பழக்கம் இது. வேறு மாநிலம் என்றாலும் அந்த ஊர்கள் இருக்கிற மேப்பாடி எங்களுக்குப் பக்கம்தான், அங்கே எஸ்டேட் வேலையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் முதல் சில மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் தப்பே இல்லை. மதியத்துக்குள் எங்கள் ஆட்கள் எல்லாரும் பத்திரம் என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் நானும் அம்மாவும் போனைக் கீழே வைக்கவில்லை. சாலியாற்றில் உடல்கள் நிலம்பூர் வரை அடித்துக்கொண்டு போன செய்தியை ஒவ்வொரு சேனலாக இரவு இரண்டு மணிவரை பார்த்தோம்.

நாலு நாள் இப்படியே போனது. அம்மாவுக்கு பிரஷர் ஏறி, டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். இவ்வளவு பார்த்தும், ராணுவம் சூரல்மலையில் 190 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் கட்டி ஆகஸ்ட் 1ஆம் தேதியே முடித்துவிட்டது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அழுகிற முகங்களை அத்தனை பார்த்தவனுக்கு அந்தப் பாலம் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பேப்பரைப் படித்து முடித்தால் மடித்து வைத்துவிடலாம். போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது, முடிவே கிடையாது. 2006இல் இப்படி முடிவில்லாமல் ஓடும் பக்கத்தை வடிவமைத்த அசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டிருக்கிறார். அதனால், மனசைக் கட்டுப்படுத்துங்கள் என்று எங்களுக்கு மட்டும் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஆப்பிலிருந்தும் ஒரே செய்தி தலைப்பு மாறி ஒரு ராத்திரியில் ஏழெட்டு முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ நடந்துவிட்டது என்று பதறி எடுத்துப் பார்க்கிறோம். பேரிடர் சமயத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். எந்த ரோடு அடைத்திருக்கிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பது மேலே இருக்கட்டும், கடைசியாக எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்பதும் இருக்கட்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் 'இப்போதைக்கு இவ்வளவுதான்' என்று ஒரு வரி போடுங்கள். அம்மா அதைப் படித்துவிட்டு லைட்டை அணைத்துவிடுவார்.

அடுத்த பருவமழைக்கு முன்னால் இதைச் செய்ய முடியுமா?

ஒரு வாசகர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்