ஸ்பிரிங்கைத் திட்டுவதற்கு முன்னால்

கோவை

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். சீரியல் பார்ப்பதை உன்னால் நிறுத்த முடியாது, அது எனக்குத் தெரியும். இங்கே சின்னவன் பத்தாம் வகுப்பு. அதனால் வீட்டில் எல்லோருமே பத்தாம் வகுப்புதான்.

சரி, உன் ஸ்விஃப்ட் காருக்கு வருகிறேன். வண்டியின் உயரத்தை முப்பது மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறாய். முன்பக்கம் இடது மூலை மட்டும் ஒரு விரல்கடை தூக்கி நிற்கிறது. மாட்டியவர் 'ஓட ஓட செட் ஆகிவிடும்' என்கிறார். நீ ஸ்பிரிங்கே டூப்ளிகேட் என்கிறாய். புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடியதும் சில மில்லி அமரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஜோடியில் ஒன்று அமர்ந்து இன்னொன்று அமராமல் இருக்காது.

முதலில் அளவைச் சரி செய். நீ தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்திருக்கிறாய். டயர் காற்று, தேய்மானம், தரையின் வாட்டம் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். வீலின் நட்டநடுவிலிருந்து நேர் மேலே விளிம்பு வரை அள. காற்றும் தேய்மானமும் இந்தக் கணக்கில் வராது. தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வேண்டாம், அங்கே தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளக்காதே. வீல்கள் உள்வாங்கியபடி நிற்கும், வண்டி உயரமாகக் காட்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பானெட்டை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு அள. உள்ளே யாரும் இருக்கக் கூடாது, முக்கியமாக நீ. உன் எடைக்கு வலது பக்கம் இறங்காவிட்டால்தான் அதிசயம். அப்படி அளந்து ஐந்து மில்லிக்குள் வித்தியாசம் வந்தால் விட்டுவிடு. கம்பெனியிலிருந்து வரும் வண்டியிலேயே அவ்வளவு இருக்கும்.

அதற்கு மேல் வந்தால் என் சந்தேகம் லோயர் ஆர்ம் புஷ் மேல்தான், அதாவது வீலை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் இரும்புக் கை ஆடுகிற மூட்டு. போன வருஷம் இடது பக்கம் மட்டும் ஆர்ம் மாற்றியதாக நீயே எழுதியிருந்தாய். அந்தப் புஷ் வெறும் ரப்பர் வளையம் இல்லை. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கினால் உள்குழல் அந்த நிலையிலேயே இறுகிவிடும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். வண்டியை லிஃப்டில் தூக்கி, வீல் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி இன்னொரு ஸ்பிரிங் மாதிரி அந்த மூலையைத் தூக்கிப் பிடிக்கும். பழைய உயரத்தில் அது கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கலாம். இப்போது முப்பது மில்லி இறக்கியதும் முறுக்கு இன்னும் கூடியிருக்கும். பட்டறையில் பெரும்பாலும் தொங்கும்போதேதான் இறுக்குகிறார்கள், கை வாட்டமாகப் போவதால். ரப்பரும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

இதற்குச் செலவே கிடையாது. நாலு வீலும் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்படி, வீல்களின் கோணம் சரி பார்க்கும் அலைன்மென்ட் மேடையில் ஏற்றி, இரண்டு பக்க ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை அமுக்கிவிட்டு மறுபடி இறுக்கச் சொல். பின் ஆக்ஸில் புஷ்ஷுக்கும் இதையே செய்யச் சொல்.

அப்படியும் அந்த மூலை தூக்கியே நின்றால் பின்பக்கம் வலது மூலையைப் பார். அங்கே ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் விட்டுப் போயிருந்தாலோ, ஸ்பிரிங் நுனி அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்தாலோ, எதிர் மூலையான முன் இடதுதான் தூக்கும். கடைசியாக, முன் ஸ்பிரிங் இரண்டையும் இடம் மாற்றிப் பார். தூக்கல் வலது பக்கம் போனால் நீ சொன்னது சரி, டூப்ளிகேட்தான். தாராளமாகப் போய்ச் சண்டை போடு. வேறு எது செய்தாலும் உயரமான பக்கத்து ஸ்பிரிங்கின் சுற்றை மட்டும் அறுக்க விடாதே. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும், வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் குதிக்கும்.

முன்னும் பின்னும் வீலுக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி ஒன்றாக இல்லை என்று வேறு புலம்பியிருக்கிறாய். உன்னுடையது டீசல். பெட்ரோல் ஸ்விஃப்டைவிடக் கிட்டத்தட்ட நூறு கிலோ கூட, அதில் பெரும்பங்கு முன்னால். ஸ்பிரிங் பெட்டியில் பெட்ரோல் மாடல் போட்டிருந்தால் மூக்கு சொன்னதைவிட அதிகமாகத்தான் இறங்கும். பின்னால் இடைவெளி கொஞ்சம் கூட இருப்பதும் நல்லதுதான், குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது தெரியும்.

ஸ்பீடு பிரேக்கர் பயம் எனக்கும் உண்டு. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இருந்த 170 மில்லி இடைவெளி இப்போது 140தான். ஆனால் சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி போட்ட மேடு 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். உன் வண்டியின் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவே 2.43 மீட்டர்தான், ஆகவே நாலு வீலும் மேட்டின் மேலேயே ஏறி நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிற்றுக்கு அடியில் மேடு சாப்பிடுவது 43 மில்லி. தட்டவே தட்டாது. தட்டுவதெல்லாம் மிச்சத் தாரை அள்ளித் தெருவுக்குத் தெரு போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் குட்டை மேடுகள். அவற்றில் முன் வீல் இறங்கிவிடும், பின் வீல் ஏறியிருக்காது, முழு உயரமும் வயிற்றில்தான். அதற்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்து இல்லை.

உயரம் சரியானதும் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதே. இறக்கியதில் டோ, அதாவது வீல்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணம், மாறியிருக்கும், டயரின் ஒரு ஓரத்தைத் தின்றுவிடும். ஹெட்லைட்டையும் சரி பார்க்கச் சொல். இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்கள் விஷயத்தில் கறார். 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஸ்பிரிங் அதில் வருமா வராதா என்று விபத்துக்கு அப்புறம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் வரும்போது சொல்கிறேன், வா. அதற்கு முன்னால் நாலு மூலை அளவையும் அனுப்பு. போட்டோ வேண்டாம் மாப்ளே, நீ எடுக்கும் போட்டோவில் எல்லா வண்டியும் சாய்ந்துதான் நிற்கும்.

அன்புடன்,
சண்முகம்