பைல் போட்ட பிறகா கான்கிரீட்டுக்கு மாறுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதியில் வரவிருக்கும் புதிய மருத்துவமனையை முதலில் திட்டமிட்டபடி இரும்புச் சட்டத்தில் கட்டாமல் கான்கிரீட்டில் கட்டப்போகிறார்கள் என்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். மறுநாள் டீக்கடையில் இதே பேச்சுதான்: "எவ்வளவு கைமாறியதோ!" 34 வருஷம் கட்டடங்களுக்கு பாரக் கணக்குப் போட்டே பிழைத்தவன் நான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாற்றியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நுண்ணோக்கி வைத்துக் கண் அறுவை செய்யும் டாக்டருக்குத் தரை துளி அதிர்ந்தாலும் ஆகாது. கனமான கான்கிரீட் தளம் லேசில் அதிராது. தீப்பிடித்தால் இரும்பு 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஏறக்குறையப் பாதி வலுவை இழந்துவிடும். அதனால் ஒவ்வொரு பீமுக்கும் தீத்தடுப்புப் பூச்சுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும். கான்கிரீட் தூணில் கம்பியை மூடியிருக்கும் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரே அந்த வேலையில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம், கம்பி கட்டவும் சென்டரிங் அடிக்கவும் எங்கள் ஊரில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

சிக்கல் எடையில்தான் இருக்கிறது. தகர டெக் மேல் கான்கிரீட் ஊற்றிய இரும்புக் கட்டடத் தளம், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வரும். அதையே 150 மில்லிமீட்டர் கான்கிரீட் ஸ்லாப்பாகப் போட்டால் 375 கிலோ. பீமும் தூணும் தனி. கட்டடத்தின் எடை கூடினால் பூகம்பக் கணக்கில் வரும் விசையும் கூடும். அதிலும் மருத்துவமனை என்றால் சாதாரண வீட்டுக்குப் போடுவதைப் போல ஒன்றரை மடங்கு போட வேண்டும் என்பது விதி. இத்தனையும் கடைசியில் போய் உட்காருவது அஸ்திவாரத்தில்.

2008-ல் இரும்பு விலை எகிறியபோது, ஆறு மாடித் தனியார் மருத்துவமனை ஒன்றை நானே கான்கிரீட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். உரிமையாளர் ஒரே வரியில் சொன்னார்: "அதே பிளான், அதே தூண், பொருளை மட்டும் மாத்திடுங்க சார்." அதற்குள் பைல் வேலை, அதாவது அஸ்திவாரத்துக்காக நிலத்துக்குள் ஆழமாகக் கான்கிரீட் தூண் இறக்கும் வேலை, முழுக்க முடிந்து, பைல் போடும் மெஷினும் ஊரை விட்டுப் போயிருந்தது. தூண்கள் 9 மீட்டர் இடைவெளியில். நடுவில் ஒரு தூண் சேர்க்கலாம் என்றால் அங்கே பைல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 11 தூண்களுக்குக் கீழே இருந்த பைல்கள் புதுப் பாரத்தைத் தாங்காது. நாலு தடவை போட்டேன், விடை மாறவில்லை. கடைசியில் ஒரு மாடியையே வெட்டினோம். அந்த மாடியில்தான் டீலக்ஸ் ரூம்கள் வருவதாக இருந்தது. மனிதர் ஆறு மாசம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடைபாதையிலும் வம்பு வந்தது. இரும்புத் தூண் சுவருக்குள் மறைந்திருந்தது. கான்கிரீட்டில் அது 600 மில்லிமீட்டருக்கு வீங்கி, நடைபாதைக்குள் ஆறு அங்குலம் துருத்தியது. எட்டு அடியில் ஆறு அங்குலம் என்ன பெரிசு என்றுதான் நானும் நினைத்தேன். கூட இருந்த நர்ஸம்மா ஒருவர் காலண்டர் அட்டையைக் கட்டில் அளவுக்கு வெட்டி, வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்திக் காட்டினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கட்டில் திரும்பவில்லை, தூணில் முட்டியது. அந்தத் தூணை நீட்டுவாக்கில் தட்டையாக மாற்றினேன்.

கான்கிரீட் என்றாலே கெட்டி என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஆலிவ் வியூ மருத்துவமனை, புத்தம்புதுக் கான்கிரீட் கட்டடம், 1971 பிப்ரவரி பூகம்பத்தில் நாசமானது. சுருள் கம்பி நெருக்கமாகச் சுற்றிய தூண்கள் நசுங்கியும் கட்டடத்தைத் தாங்கி நின்றன. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைத் தள்ளித் தள்ளிப் போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கின. திரும்ப இரும்பில் கட்டினார்கள். 1994 பூகம்பத்தில் சட்டம் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது, ஆனால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து நோயாளிகளை வெளியேற்றும்படி ஆயிற்று. எந்தப் பொருளாக இருந்தால் என்ன, ரிங்கும் குழாயும் சரியாக இருக்க வேண்டும். நம் ஊர் சைட்டில் ரிங் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொன்னால், 90-லேயே விட்டுவிடுவார்கள். கான்கிரீட் விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது!

இன்னொன்று, மருத்துவமனையில் குழாய் வேலை முடிவதே இல்லை. 2021-ல் ஆக்சிஜன் லைன் போட வந்தவர்கள், நான் வடிவமைத்த பீம் ஒன்றில் நட்டநடுவே துளை போடும் கோர் கட்டிங் மெஷினை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஓடிப்போய்த் தடுத்தேன். வருங்காலக் குழாய்களுக்கும் துளையை இப்போதே விட்டுவைப்பது நல்லது.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது அந்தப் புது மருத்துவமனை இடத்தை எட்டிப் பார்த்தேன். பைல் மெஷினைக் காணோம், பைல் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது. பைல்களின் தலையை உடைத்து, கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்படியானால் அந்தப் பைல்கள் இரும்புக் கட்டடத்துக்குப் போட்டவையா, கான்கிரீட்டுக்கா? புதுப் பாரத்துக்கு மறுகணக்குப் போட்டாயிற்றா, யார் சரிபார்த்தார்கள்? சைட் வாசலில் இருக்கும் தகவல் பலகையில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. இதையும் அங்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வடிவமைப்புப் பொறியாளர்,
தஞ்சாவூர்.